பதறாத காரியம் சிதறாது

தீக்காயம் பட்ட இடத்தில், உடலின் வேறோர் இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டுவது நாம் அறிந்த சிகிச்சைதான். ஆனால், எடுப்பதற்கு நல்ல தோலே எஞ்சவில்லை என்றால் என்ன செய்வது? இதற்கு விடை தருகிறது திசுப் பொறியியல். நோயாளியின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, புதிய திசுவாக்கி, அவருக்கே பொருத்துவது இத்துறையின் பணியாகும்.

2015ஆம் ஆண்டு, ஜெர்மனியின் போஹும் நகர மருத்துவமனையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிருக்குப் போராடினான். மரபணுக் குறையால், இலேசாக உரசினாலே அவனது தோல் கொப்பளித்து உரிந்தது. இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலே தே லூக்காவின் குழுவினர், அவனது சிறிய தோல் துண்டிலிருந்த உயிரணுக்களில் அக்குறையைச் சரிசெய்து, புதிய தோலை வளர்த்தனர். அவனுடைய உடலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தோல் மாற்றப்பட்டது. பின்னர் அவன் பள்ளிக்குத் திரும்பினான், காற்பந்தும் விளையாடினான்.

இவ்வெற்றி ஓரிரவில் கிட்டியதன்று. மனிதத் தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை, 1975இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் வெளியிட்டனர். தே லூக்கா குழுவினரும் முன்பே வேறொரு நோயாளியின் கால்களில் சிறு பகுதிக்கு மட்டும் இச்சிகிச்சையைச் செய்து, பல ஆண்டுகள் கண்காணித்திருந்தனர்.

இதற்கு நேர்மாறாக, சுவீடனில் பாவ்லோ மக்கியரினி என்ற மருத்துவர், 2011 முதல் செயற்கை மூச்சுக்குழாயில் நோயாளியின் உயிரணுக்களைப் பதித்து மூவருக்குப் பொருத்தினார். விலங்குகளிடம் போதிய சோதனை நடத்தப்படவில்லை. எனினும், செய்தி உலகெங்கும் பரவியது, பாராட்டு குவிந்தது. நோயாளிகள் மூவரும் பின்னர் இறந்தனர். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

“உயிர் ஊசலாடும்போது சோதனை முடியும்வரை காத்திருக்க முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அச்சிறுவனுக்கும் அவ்வளவு பெரிய அளவில் முன்பு எவருக்கும் செய்யாத சிகிச்சையே அளிக்கப்பட்டது. ஆனால், மருத்துவர்களின் அத்துணிவுக்குப் பின்னால் பல்லாண்டுச் சான்று இருந்தது. சுவீடனிலோ, அந்நோயாளிகள் அறுவை சிகிச்சையின்றி மேலும் சில காலம் வாழ்ந்திருக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதியது.

எனவே, துணிவு தவறன்று. சான்றில்லாத துணிவே தவறு என்பது என் கருத்து. வேறு வழியில்லாமல் தவிக்கும் நோயாளி எதற்கும் சம்மதிப்பார். அந்தச் சம்மதத்தைக் காரணம் காட்டி ஆய்வாளர் சோதனைப் படிகளைத் தாண்டிவிடக் கூடாது. நாமும் அடுத்த முறை ஒரு மருத்துவச் சாதனையைப் பற்றிப் படிக்கும்போது, கைதட்டுவதற்குமுன் ஒன்றைக் கேட்போம்: “எத்தனை ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள்?”