"ஓட ஓட செட் ஆயிடும்" என்றால் நம்பாதீர்கள்



போன வாரம் மதுரை ரோட்டில் என் கார் சாலையை விட்டு இறங்கியதைக் கேள்விப்பட்டுப் பலர் போன் செய்தீர்கள். எனக்கும் வீட்டம்மாவுக்கும் பேரனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தப்பில் பாதி என்னுடையது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கார் ஒன்பது வயதுக் கார். ஷாக் அப்சார்பர் தளர்ந்து, வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டியது. மகன் யோசனைப்படி, கம்பெனி பாகத்துக்குப் பதிலாக வெளி மார்க்கெட்டில் கொஞ்சம் உயரமான ஸ்பிரிங்கும் இறுக்கமான ஷாக்கும் வாங்கினேன். பக்கத்துப் பட்டறையில் மாட்டக் கொடுத்தேன்.

"மேல் மவுண்ட் ரப்பரும் பேரிங்கும் தேஞ்சிருக்கு, மாத்திடலாமா சார்?" என்று கேட்டார்கள். "பழசே கிடக்கட்டும்" என்றேன். "அலைன்மென்ட் பார்க்கணும் சார்" என்றார்கள். "அடுத்து டயர் மாத்தும்போது பார்த்துக்கலாம்" என்றேன். போதாததற்குக் கூலியில் முந்நூறு ரூபாய் குறைத்து, கெட்டிக்காரன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே பள்ளம் மேட்டில் 'டக் டக்' சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளியது. வேகத்தடையில் பழைய கட்டில் மாதிரி 'கிரீச்'. நேர் ரோட்டில் வண்டி இடது பக்கமே இழுத்தது. பட்டறையில் போய்ச் சொன்னால், "புதுசுல்ல சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். நானும் நம்பினேன். ஆடு குறுக்கே வந்தபோது பிரேக்கை மிதித்தேன். இடது பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி மண்ணில் இறங்கியது. அங்கே புளியமரம் இல்லாதது எங்கள் நல்ல நேரம்.

பிறகு நம் பழைய மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஐ.டி.ஐ. படித்துச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் எடுத்தவுடன் எதையும் கழற்றவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் சத்தம் வருகிறதா, இரண்டும் ஒன்றாக ஏறினாலும் வருகிறதா என்று கவனித்தார். ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் வந்தால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைச் சந்தேகப்பட வேண்டுமாம். என் வண்டியில் இரண்டு விதத்திலும் வந்தது.

அவர் கண்டுபிடித்தது இதுதான். 'டக் டக்' சத்தம் நான் மாற்றவிடாத பழைய மவுண்ட் ரப்பரிலிருந்து. 'டொய்ங்' அதே மவுண்டின் பேரிங் சிக்கிக்கொள்வதால். 'கிரீச்' என்பதற்குக் காரணம், லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டது. அப்படி இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். சத்தம் வரும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அலைன்மென்ட் கருவியில் ஏற்றினால், இடது முன்சக்கரம் வலதைவிட வெளியே சாய்ந்திருந்தது. இழுப்பின் காரணம் அது. ஸ்பிரிங் உயரம் மாறினாலும், ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றி மாட்டினாலும் சக்கரக் கோணம் மாறத்தான் செய்யும். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

புது ஸ்பிரிங்கிலும் ஷாக்கிலும் ஒரு குறையும் இல்லை. அவற்றைத்தான் ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் கருத்து இதுதான். நாம் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அதை மாட்டுகிறவரின் நேரத்துக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. கூலியைக் குறைத்தால் அவர் நம் வண்டிக்குக் கொடுக்கும் நேரமும் குறையும். ஜாக்கியிலேயே இறுக்கிவிடுவது அங்கிருந்துதான் வருகிறது. "எங்கள் மேல் பழி போடாதீர்கள்" என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இழுக்கிற வண்டியை "செட் ஆயிடும்" என்று அனுப்பியது அவர் தப்பு. தேய்ந்த ரப்பரும் தப்பான கோணமும் ஓட ஓடக் கெடுமே தவிர, சரியாகாது.

வெளி பாகம் மாட்டப்போகும் பிள்ளைகளே, மவுண்ட், பேரிங், அலைன்மென்ட் செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். கையில் காசு பத்தாவிட்டால் இரண்டு மாதம் பொறுத்து மாட்டுங்கள். மாட்டிய பின் சத்தம் வந்தால் எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அன்றே நிறுத்துங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் போகாதீர்கள்.

வேலை முடிந்ததும் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "உங்ககிட்ட போய் வாங்குவேனா சார்?" என்றார். சொன்ன தொகைக்கு மேல் முந்நூறு வைத்துக் கையில் திணித்துவிட்டு வந்தேன். எதற்கு அந்த முந்நூறு என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்