அறிவிப்பு மட்டும் போதுமா?

வங்கதேசத்தின் சிட்டகாங், காக்ஸ் பஜார் கரைகளை 1991 ஏப்ரல் 29 இரவு பெரும்புயல் தாக்கிற்று. ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். அவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. எச்சரிக்கை விடுக்கப்படாமல் இல்லை. ஆயினும், வீட்டை விட்டகலத் தயங்கியும், அந்நிய ஆடவர் நெருக்கத்தில் ஒதுங்க நாணியும் பெண்கள் பலர் இல்லங்களிலேயே தங்கிவிட்டனர். புகலிடங்களும் போதவில்லை.

1970-ஆம் ஆண்டுப் புயலின் பேரழிவுக்குப் பின், 1972-ல் அங்கு புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தோன்றியது. அவ்வவ்வூர் மக்களே அதன் தொண்டர்கள். 1991 கற்பித்த பாடத்தால், புகலிடங்கள் பெருகின. பெண்களுக்குத் தனியறைகள் அமைந்தன. பெண் தொண்டர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். இன்று 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்களுள் ஏறத்தாழப் பாதியினர் பெண்களே. கொடியேற்றியும், வீடு வீடாகச் சென்றும், பாங்கு ஒலிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வாயிலாகவும் எச்சரிக்கை பரவுகிறது. 2020-ல் அம்பன் புயலின்போது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். அந்நாட்டில் உயிரிழந்தோர் சில பத்துப் பேரே.

வானொலி கூறிய செய்தியை அண்டை வீட்டுச் சகோதரி வந்து கூறும்போதுதான் கால்கள் வாசலைத் தாண்டுகின்றன.

எனினும், புவி வெப்பத்தால் கடல்மட்டம் உயர்கிறது. விளைநிலத்தில் உப்பு ஏறுகிறது. தொண்டர்கள் உயிரைக் காப்பர். நிலத்தைக் காக்க அவர்களால் இயலுமா? கரையணை கட்டுவதும், நிலமிழந்தோரைக் குடியமர்த்துவதும் அரசின் கடமையாகும். மக்களின் தொண்டைப் புகழ்ந்துவிட்டு அரசு அக்கடமையினின்று நழுவுதல் நீதியாகாது.