வீட்டுப் பூனையின் சரும வியாதிகள்

உழவு மாட்டின் தோலில் சிறு தடிப்புக் காணினும் உடனே கால்நடை வைத்தியரை நாடும் குடியானவர்களுள் பலர், தம் நெற்குதிரை எலிகளினின்றும் காத்துவரும் பூனை சொறி பிடித்து அலையும்போது அதனைக் கண்ணெடுத்தும் பாரார். பார்ப்பவரும் மண்ணெண்ணெயையோ பினாயிலையோ தடவித் துரத்திவிடுவர். இவ்வழக்கம் பூனைக்கேயன்றி வீட்டாருக்கும் தீங்கு விளைப்பதாகும்.

பூனைக்கு வரும் சரும வியாதிகளுள் முக்கியமானவை மூன்று. முதலாவது, சொறி. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணி தோலைத் துளைத்து உட்புகுவதால் உண்டாவது. காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து ஆகியவற்றில் பரவும். தோல் தடித்துப் பொருக்குக் கட்டும், அரிப்பு மிகுதி. மற்றப் பூனைகளுக்கும் விரைவில் தொற்றும்.

இரண்டாவது, பூசணத்தால் வரும் படர்தாமரை. இது குட்டிகளிடமே அதிகம். வட்டமாக மயிர் உதிர்ந்து செதிள் காணும். குட்டியை எடுத்துக் கொஞ்சும் குழந்தைகளின் மேனியிலும் அவ்வாறே வட்டங்கள் தோன்றும். உதிர்ந்த மயிரில் இப்பூசணத்தின் வித்துக்கள் பல மாதங்கள் அழியாதிருக்கும். குழந்தைக்கு மட்டும் மருந்து பூசிப் பூனையைக் கவனியாது விட்டால், வியாதி மீண்டும் வருவதில் வியப்பென்ன?

மூன்றாவது, தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் புண். இடுப்பிலும் வாலின் அடியிலும் மயிர் உதிரும். அங்குள்ள கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வைக்கச் செந்நிறம் கசியுமாயின், அது தெள்ளின் எச்சமே. தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் பெரும்பாலும் சாக்கிலும் தரை வெடிப்பிலுமே இருக்கும். ஆதலின் பூனை படுக்குமிடத்தைப் பெருக்கி, சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துதல் அவசியம்.

பூனை தன் உடலை நாவினால் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மேலே தடவியது வயிற்றுக்குள்ளும் செல்லும். மேலும், பினாயில் போன்றவற்றின் நஞ்சை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து மாட்டுக்கு ஏற்றதாயினும், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கி உயிரையும் போக்கக் கூடும்.

சொறிக்கும் தெள்ளுக்கும் பிடரியில் துளியாக இடும் செலமெக்டின் நல்ல பலன் தரும். படர்தாமரைக்குச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலில் குளிப்பாட்டுதலும், இட்ராகோனசோல் என்னும் உள்மருந்தும் உண்டு. இவற்றின் அளவைப் பூனையின் எடைக்கேற்பக் கால்நடை மருத்துவரே நிர்ணயித்தல் வேண்டும். நோயுற்ற பூனையைத் தனியே வைத்தலும், தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதலும் வீட்டாரின் கடமை.

பூனைக்குச் செலவிடுவது வீண் என்பாருமுளர். எலி தின்னும் தானியத்தையும், குழந்தையின் படர்தாமரைக்கு ஆகும் மருந்துச் செலவையும் அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பாராக. மாட்டைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் நாளிலேயே பூனையையும் ஒரு மூடுகூடையில் எடுத்துச் செல்லலாம். கிராம உத்தியோகஸ்தர்களும் கால்நடை முகாமைத் தெரிவிக்கும்போது, மாடு, ஆடு, கோழி என்பவற்றோடு பூனையையும் சேர்த்துச் சொல்வார்களாயின், அது ஊருக்குச் செய்யும் பேருதவியாகும்.