சொல் ஒன்று, பொருள் பல

உலகத்துச் சினிமாப் படங்களின் விவரங்களை ஓரிடத்தில் திரட்டி வழங்கும் ஐ.எம்.டி.பி. என்னும் இணையக் களஞ்சியம் பொதுஜனங்களின் உழைப்பால் உருவானது. கால் நீதம் என்ற ஆங்கிலேயரும் அவரையொத்த சினிமாப் பிரியர்களும் கூலி கருதாமல் 1990-ஆம் வருஷத்தில் தொடங்கிய காரியம் அது. 1998-இல் அமேஸான் கம்பெனியார் அதை விலைக்கு வாங்கினர். முதலாளி மாறியபோதிலும் வாசகர்களின் பங்கு மறையவில்லை. ஒரு படத்தில் இன்னின்ன விஷயங்கள் வருகின்றன என்று காட்டும் குறிச்சொற்களை அவர்கள் இன்றும் சேர்த்து வருகின்றனர்.

ஜனங்களின் அறிவை ஜனங்களே தொகுக்கும் இவ்வேற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. குறிச்சொல்லின் பக்கத்தில் அதன் பொருள் வரையறுக்கப்படுவதில்லை. எழுதுகிறவர் ஒன்றை நினைத்து எழுத, தேடுகிறவர் வேறொன்றை நினைத்துத் தேடுகிறார்.

'க்ரேன்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1957-இல் ஸோவியத் டைரக்டர் கலதோஸவ் எடுத்து, மறுவருஷம் கான் விழாவில் தலைமைப் பரிசு பெற்ற படத்தின் பெயரில் அது பறக்கும் நாரையைக் குறிக்கும். 1958-இல் ஆர்ஸன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆப் ஈவில்' படத்தின் புகழ்பெற்ற முதற்காட்சியிலோ, அது காமிராவைத் தூக்கிச் சென்ற யந்திரம். 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் 'ஸைக்கோ'வில் அது கதாநாயகியின் குடும்பப் பெயர். இம்மூன்றையும் ஒரே சொல்லின் கீழ் அடைத்தால், நாரையைத் தேடி வந்தவன் கொலைக் கதையில் போய் விழுவான். மேலும், இக்குறிச்சொற்கள் சிறிய எழுத்திலேயே அமைவதால், ஆங்கிலத்தில் 'டர்க்கி' என்பது துருக்கி தேசமா, வான்கோழியா என்று எழுத்தைக் கொண்டு அறியவும் வழியில்லை.

இவை நகைப்புக்கு உரியவை என்று சிலர் தள்ளிவிடலாம். எல்லாக் குழப்பமும் அத்தகையதன்று. 'தற்கொலை' என்ற ஒரு குறிச்சொல்லைப் பாருங்கள். 1946-இல் பிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்' படத்தில் உயிரை விடத் துணிந்து பாலத்தின்மேல் நிற்கும் ஒருவன் காப்பாற்றப்பட்டு, வாழ்வின் அருமையை உணர்ந்து வீடு திரும்புகிறான். 1989-இல் வெளிவந்த 'டெட் போயட்ஸ் ஸொஸைட்டி'யிலோ ஒரு மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டே விடுகிறான். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். அண்மையில் தன் மகனை இவ்விதம் இழந்த ஒரு தாய், எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அந்தச் சொல்லை நம்பினால் என்ன ஆகும்? ஆறுதல் தரக்கூடியதை அவள் ஒதுக்கிவிடக்கூடும். அல்லது புண்ணைக் கிளறக்கூடியதன் முன் அறியாமல் உட்கார்ந்துவிடக்கூடும்.

குறிச்சொல் பொருத்தமா அன்றா என வாசகர் வாக்களிக்க இடமிருப்பதால், பெரும்பான்மையோர் தீர்ப்பே போதுமென வாதிக்கலாம். இவ்வாதம் நில்லாது. கேள்வி ஒன்றாயிருந்தாலன்றோ வாக்குகளைக் கூட்ட முடியும்? நூறு பேர் பறவையை நினைத்தும் நூறு பேர் யந்திரத்தை நினைத்தும் வாக்களித்தால், கிடைக்கும் தொகை எதற்கும் விடையாகாது.

வரையறை விதித்தால் தொண்டர்களின் உற்சாகம் குன்றுமென்பது மற்றோர் ஆட்சேபம். சட்டம் பயின்றோர் இதற்கு எளிதில் விடை கூறுவர். இந்தியாவின் மத்திய சட்டங்களில் வரும் பொதுச் சொற்களுக்குப் பொருள் சொல்லவே 1897-ஆம் வருஷத்திய ஒரு சட்டம் இருக்கிறது. 'அசையாச் சொத்து' என்பதில் நிலமும், நிலத்திலிருந்து வரும் பயன்களும், நிலத்தோடு பிணைந்தவையும் அடங்கும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால் எவருடைய உரிமையும் சுருங்கவில்லை. வீண் வழக்குகளே குறைந்தன.

பரிகாரமும் புதிதன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் அட்டவணையில் க்ரேன் பறவைக்கு அருகே 'பறவைகள்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, யந்திரத்துக்கு வேறு தலைப்புக் கொடுத்திருக்கின்றனர். நமது திவாகர நிகண்டோ பதினோராந் தொகுதி முழுவதையும் ஒரு சொல் பல பொருள் தரும் பெயர்களுக்கே ஒதுக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? ஐ.எம்.டி.பி.யே ஒரே பெயருடைய இரண்டு நடிகர்களைத் தனித்தனி எண் கொடுத்துப் பிரிக்கிறது. ஒருவரைப் பற்றிய பேச்சு மட்டும் படத்தில் வந்தால் 'இன்னாரைக் குறிப்பிடல்' என்று குறிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. மனிதருக்குச் செய்த நியாயத்தைச் சொல்லுக்கும் செய்வதில் என்ன தடை?

ஆகவே, நிர்வாகஸ்தர்கள் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு வரி விளக்கமும் ஓர் எண்ணும் தரவேண்டும். நிகழ்ந்தது, முயன்றது, பேசப்பட்டது என்று மூன்றையும் பிரிக்கவேண்டும். அதுவரையில், இத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைச் சேர்க்குமுன், படத்தைப் பாராத ஒருவர் இதை எப்படிக் கொள்வார் என்று ஒரு கணம் யோசிப்பாராக. பொதுச் சொத்தில் கை வைப்போருக்குப் பொதுப் பொறுப்பும் உண்டு.