சீனாவில் ஷாம்பூ விற்கணுமா? முயலைக் காப்பாற்றும் அரசு சான்றிதழ்!

ஷாம்பூ, லிப்ஸ்டிக், பாடி லோஷனை இறக்குமதி செய்து சீனக் கடைகளில் விற்க, முன்பு முயல் போன்ற விலங்குகள் மீது பரிசோதனை நடத்துவது கட்டாயம்.

2021 மே 1 முதல் விதி மாறியது. தயாரிக்கும் நாட்டின் அரசு அமைப்பு தரும் 'ஜிஎம்பி' எனும் நல்ல தயாரிப்பு முறைச் சான்றிதழும், பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையும் இருந்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை.

இதில் என்ன சிக்கல்? 'எங்க பொருள் தரமானது'ன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்தா செல்லாது. அரசு தரப்பில்தான் சான்று வரணும். பிரான்ஸ் இதற்கென தனி ஏற்பாடு செய்து முந்திக்கொண்டது. அப்படி ஏற்பாடு இல்லாத நாட்டு கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

2021 விதியில் ஹேர் டை, சன்ஸ்கிரீன் போன்ற 'சிறப்பு' பொருட்களுக்கும், குழந்தைகளுக்கான பொருட்களுக்கும் இந்த விலக்கு தரப்படவில்லை.