அவன் பட்ட கடன், அவள் பெயரில்

தோட்டத்திலே ஒருத்தியின் தாலிச் சங்கிலியைப் புருஷன் திருடி விற்றுவிட்டால் மறுநாள் பிரட்டுக் களம் முழுவதும் அதே பேச்சாக இருக்கும். நாலு பேர் கூடி நியாயம் கேட்பார்கள். ஆனால் அவன் அவளுடைய பெயரையே விற்றுவிட்டால்? "அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், நமக்கென்ன?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். தொழிலாளத் தோழர்களே, சகோதரிகளே! இந்த வழக்கம் மோசடிக்காரனுக்கு மட்டுமே உதவுகிறது.

பேராக்கில் ஒரு தோட்டம். முன்பு பால்மரம், இப்போது முழுதும் செம்பனை. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு சகோதரி, வேலை ஓய்ந்தால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டுமே என்ற கவலையில், மலிவு விலை வீடு ஒன்றுக்குப் பாங்கில் கடன் கேட்டார். பாங்கு மறுத்துவிட்டது. அவர் பெயரில் இரண்டு கடன்கள் நிலுவையில் இருக்கின்றனவாம். ஒன்று, விவாகரத்துக்கு முன் புருஷனுக்காக எடுத்துக் கொடுத்த காடி. மற்றொன்று 15,000 வெள்ளி ரொக்கக் கடன். அப்படியொரு கடன் இருப்பதையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

நடந்தது இதுதான். புருஷன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு நிலையான சம்பளச் சீட்டு இல்லை. மனைவிக்கு உண்டு. மாதந்தவறாத சீட்டு, சேமநிதிக் கணக்கு, அடையாள அட்டை. தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைத்த அந்தச் சீட்டே அவருக்குக் கண்ணியாயிற்று. காடிக்கு அவரே கையெழுத்திட்டார். ரொக்கக் கடனுக்கோ சீட்டின் நகலையும் அட்டையின் நகலையும் அவன் கொண்டுபோய், கையெழுத்தையும் தானே போட்டுவிட்டான்.

இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம்மவர் செய்யும் முதல் தவறு. "எல்லாம் அவன் செய்த மோசடி" என்று அழுதால் பாங்கு கேட்காது. தானே இட்ட கையெழுத்து வேறு. தன் பெயரில் பிறர் இட்ட கையெழுத்து வேறு. முதலாவது கடன். இரண்டாவது குற்றம்.

ஆகவே முதலில் பதிவைப் பார்க்கவேண்டும். பேங்க் நெகாரா வைத்திருக்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் பதிவில் நம் பெயரிலுள்ள பாங்குக் கடன்கள் காணும். இதைப் பார்க்கக் காசு வேண்டாம். கைப்பேசி வழியாகவும் பார்க்கலாம். அடையாள அட்டையுடன் நேரில் போயும் கேட்கலாம். பெயர் "கறுப்புப் பட்டியலில்" ஏறிவிட்டது, இனி ஆயுள் முழுதும் அவ்வளவுதான் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சி.சி.ஆர்.ஐ.எஸ். கறுப்புப் பட்டியல் அன்று. தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று கடந்த 12 மாதக் கணக்கை அது காட்டுகிறது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தப் பாங்கின் முடிவு. சி.டி.ஓ.எஸ். போன்ற தனியார் நிறுவனங்களும் கோர்ட்டு வழக்கு முதலிய விவரங்களைத் திரட்டி வைத்திருக்கின்றன. அவற்றில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

கள்ளக் கையெழுத்துக்குப் போலீஸ் புகார் இன்றியமையாதது. இங்கேதான் அந்தச் சகோதரி தயங்கினார். "பிள்ளைகளின் அப்பா, சார். நானே போய் எழுதிக் கொடுப்பதா?" என்று கேட்டார். அந்தத் தயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் புகார் இல்லாமல் பாங்கு ஒரு தாளையும் புரட்டாது. கடைசியில் அவருடைய மூத்த மகளே தாயின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். புகாரின் நகலோடு பாங்குக்குக் கடிதம் எழுதி, விண்ணப்பத் தாள்களின் நகலைக் கேட்டோம். வந்த தாளில் இருந்த தொலைபேசி எண் அவனுடையது! பாங்கு எட்டு மாதம் இழுத்தடித்து, பிறகு அக்கடனை அவர் பெயரிலிருந்து நீக்கிற்று. பாங்கு இசையாவிட்டால், 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிட வழி உண்டு.

காடியின் கதை அப்படியன்று. விவாகரத்துக் கோர்ட்டில் "காடிக் கடனை அவனே கட்டவேண்டும்" என்று உத்தரவு வாங்கியிருந்தார். நல்லதுதான். ஆனால் அந்த உத்தரவு அவனைக் கட்டுப்படுத்துமே தவிர, பாங்கைக் கட்டுப்படுத்தாது. பாங்கின் தாளில் இருப்பது அவர் கையெழுத்து. அவன் கட்டவில்லை. இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறினால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காடியை இழுத்துக்கொள்ளத் தவணைக் கொள்முதல் சட்டம் இடந்தருகிறது. இழுத்தார்கள், ஏலம் போட்டார்கள், ஏலத்தில் வந்தது போக மீதியை இவரிடம் கேட்டார்கள். நோட்டீஸ்களெல்லாம் பழைய விலாசத்துக்கே போயிருந்தன. பிரிந்தவுடனே விலாசத்தை மாற்றியிருந்தால், காடி தம் கையில் இல்லை என்று பாங்குக்கு எழுதியிருந்தால், பாதிச் சேதமாவது தப்பியிருக்கும்.

மீதிக் கடனுக்கு ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடினோம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய இந்த நிறுவனம் கட்டணம் வாங்குவதில்லை. சம்பளத்தைப் பார்த்து, குடும்பச் செலவை ஒதுக்கி, பாங்குகளோடு பேசித் தவணையைக் குறைத்துத் தருகிறது. இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதும் பதிவில் தெரியும். அதை மறைக்க முடியாது. மாதம் 150 வெள்ளி என்று முடிவாயிற்று.

கடன்காரர் திவாலாக்கிவிடுவாரோ என்று பயந்து ஆலோங்கிடம் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 முதல் 1,00,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு ஒருவரைத் திவாலாக்க மனுச் செய்ய முடியாது. ஆளுக்கு 500 வெள்ளி வாங்கிக்கொண்டு "பதிவைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். பாங்குக் கணக்கில் உள்ள உண்மையான நிலுவையை எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. ஒருமுறை ஏமாந்தவரைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது?

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளியோடு தொழில் இலாகாவுக்குப் போகிறோம். இந்தச் சகோதரிகளோடு பாங்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போக மட்டும் கூச்சப்படுவானேன்? ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் நோட்டீஸைப் படித்துச் சொல்ல ஓர் ஆள், பதில் எழுத ஓர் ஆள், அவ்வளவுதான் வேண்டும். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசமாட்டார்கள் என்றால், கூட்டம் முடிந்தபின் தனியே கேளுங்கள். எத்தனை பேர் பையிலிருந்து பிரிக்காத உறைகளை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தச் சகோதரி ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாளே தவணையைக் கட்டிவிடுகிறார். சென்ற வாரம் மகள் கைப்பேசியில் பதிவைக் காட்டினாள். 12 மாதக் கட்டங்களில் ஏழில் பூஜ்யம் விழுந்திருக்கிறது. இன்னும் ஐந்து பாக்கி. அதன் பிறகு வீட்டுக்கு மறுபடியும் மனுப் போடப்போகிறார்.