கவருக்குள் இருக்கும் மாத்திரைக்குப் பெயர் என்ன?



முந்தாநாள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருமகள் கேட்டாள்: "பத்து நாளா தும்மல், மூக்கொழுகல். என்ன மாத்திரை போடலாம்?" அரை மணி நேரத்தில் 17 பதில். 12 பேர், "மெடிக்கல்ல சொல்லி ஒரு செட்டு வாங்கிப் போடு, மறுநாளே நின்னுரும்" என்றார்கள். மூன்று பேர், "டாக்டர் மூக்குல அடிக்கிற ஸ்பிரே எழுதுவாரு, வாங்கிராத, அப்புறம் ஆயுசு பூரா அடிக்கணும்" என்றார்கள். மீதி இரண்டு பேர் காலை வணக்கம் படம் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரைத் தவிர அத்தனை பேர் சொன்னதும் தப்பு. குழுவில் சண்டை வேண்டாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

33 வருஷம் கணக்கு டீச்சர். தும்மினால் "சாக்பீஸ் தூசி டீச்சர்" என்பார்கள், நானும் நம்பினேன். ரிட்டையர் ஆனேன். சாக்பீஸ் போனது, தும்மல் போகவில்லை. அடுத்து மிளகாய் வத்தல் நெடி என்றார்கள், பட்டாசுப் புகை என்றார்கள். நெடியும் புகையும் யார் மூக்கையும்தான் எரிக்கும், விலகி வந்தால் அடங்கிவிடும். எனக்கு அப்படியில்லை. விடியற்காலையில் வரிசையாக இருபது தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு. காய்ச்சல் மட்டும் கிடையாது. தினசரிக் காலண்டரில் குறித்து வைத்தேன். மூன்று வருஷமும் மாசி, பங்குனியில்தான் உச்சம். இது சளி இல்லை, அலர்ஜி. கடைசியில் மதுரையில் கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். இரண்டு இடம் தடித்தது. ஒன்று வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. மற்றொன்று சீமைக் கருவேல மகரந்தம்.

அதைக் காமராஜர் கொண்டு வந்தார் என்று இனி யாரும் எனக்கு ஃபார்வர்டு அனுப்ப வேண்டாம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. 1957, 1962 இரண்டு தேர்தலிலும் நம் சாத்தூர் ஜெயிக்க வைத்த மனுஷன் மேல் மரத்துப் பழியையும் போடாதீர்கள். 2017இல் ஐகோர்ட் மதுரைக் கிளை வெட்டச் சொன்னது, வெட்டினார்கள். இன்றைக்கு வைப்பாற்றுக்குள் போய்ப் பாருங்கள். மரம் போகும்வரை மூக்கை மூடிக்கொண்டு இருக்க முடியாது. மருந்துதான் வேண்டும்.

அந்த மருந்துக்கு வருமுன் நான் நாலு சீசன் செட் மாத்திரை சாப்பிட்டவள். அட்டையிலிருந்து கத்தரித்து, பேப்பர் கவரில் போட்டு, காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று கொடுப்பார்களே, அதேதான். பொய் சொல்ல மாட்டேன், அருமையாகக் கேட்டது. ஆனால் சாப்பிட்டபின் 170 காட்டிய சர்க்கரை 310 ஆனது. டாக்டர், "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். கவரைக் காட்டினேன். கவரில் பெயர் இல்லை. கடைக்குப் போனால் கல்லாவில் என்னிடம் படித்த பையன். மஞ்சள் மாத்திரை தும்மலுக்கு, பெரிய வெள்ளை காய்ச்சலுக்கு. "இந்தச் சின்ன வெள்ளை?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "அது இல்லாமக் கேக்காது டீச்சர்" என்றான். பிரெட்னிசோலோன், 10 மில்லிகிராம். ஸ்டீராய்டு.

என்னுடையது சர்க்கரையோடு போயிற்று. என் அக்கா ஏழெட்டு வருஷம் இழுப்புக்கும் தும்மலுக்கும் சேர்த்து இதையே சாப்பிட்டாள். முகம் உப்பியது. கல்யாண வீட்டில் பார்த்தவர்களெல்லாம், "பூசினாப்ல நல்லா இருக்கீங்க மதினி" என்றார்கள். நானும் சொன்னேன். அடுப்படிப் படியில் லேசாகத்தான் சறுக்கினாள், இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு மெலிந்து போயிருந்தது. அதன்பிறகு அவள் சுவரைப் பிடிக்காமல் நடக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வாருங்கள். எனக்கு எழுதிக் கொடுத்த ஸ்பிரே ஃபுளூட்டிகாசோன். அதுவும் ஸ்டீராய்டுதான், மறைக்கவில்லை. ஒரு அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம். இரண்டு மூக்கிலும் இரண்டிரண்டு, ஆக ஒரு நாளைக்கு 200. செட் மாத்திரையில் ஒரு நாளைக்குப் போனது 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, நேருக்கு நேர் எடை போடக் கூடாது என்று டாக்டர் பிள்ளைகள் கையைத் தூக்குவீர்கள், சரி. ஆனால் ஸ்பிரே மூக்கிலேயே வேலை செய்கிறது. தொண்டைக்குள் இறங்குவதையும் ஈரல் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. மாத்திரையோ எலும்பு, கண், சர்க்கரை என்று உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

"ஸ்பிரே அடிச்சா அடிமையாயிருவோம்" என்ற பயம் வேறொரு மருந்திலிருந்து வந்தது. மூக்கடைப்புக்குச் சொட்டு விடுகிறோமே, சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின், அதை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், திரும்ப விடச் சொல்லும். அந்தப் பழி இந்த ஸ்பிரே தலையில் விழுந்துவிட்டது.

இன்னொரு புகார், "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல." கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் அடிக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி நான் தை பாதியிலேயே தொடங்கிவிடுகிறேன். நானும் முதல் மாதம் தப்பாகத்தான் அடித்தேன்: அண்ணாந்து, நடுத்தண்டைப் பார்த்து, உறிஞ்சி. தொண்டை கசந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை காதுப் பக்கம் பார்க்க வேண்டும். மெதுவாக மூச்சிழுத்தால் போதும்.

மாத்திரையில் செட்ரிசின் எனக்கு மதியம்வரை தூக்கம் தந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஒத்து வந்தது ஃபெக்சோஃபெனடின். அதைப் பச்சைத் தண்ணீரில் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. மூச்சு இழுத்தால், நெஞ்சில் விசில் கேட்டால், மூக்கு மருந்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

விலை என்பீர்கள். என் பாட்டில் முந்நூற்றுச் சொச்சம், 120 முறை அடிக்கலாம், 30 நாள். நாளைக்குப் பத்துப் பதினொரு ரூபாய். செட் ஒன்று 15, நாளைக்கு இரண்டு. நீங்களே போட்டுப் பாருங்கள்.

மெடிக்கல் வைத்திருக்கும் என் பிள்ளைகளே, இது உங்களுக்கு. சிவப்புக் கோடு போட்ட அட்டையை டாக்டர் சீட்டில்லாமல் கத்தரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை பார்ப்பவளுக்கு டாக்டரிடம் போக அரை நாள் சம்பளம் போகும், உங்களை நம்பி வருகிறாள். அவளுக்குப் பெயரில்லாத கவர்தானா? குறைந்தபட்சம் மாத்திரைப் பெயரையாவது கவரில் எழுதுங்கள். எழுதக் கை கூசினால், அதைக் கொடுக்கவும் கூசட்டும்.

மாதக்கணக்கில் செட் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே பட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. கவரோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள்.

மெடிக்கல்காரப் பிள்ளைகளுக்கு என் மேல் கோபம் வரும். வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். காரச்சேவும் காப்பியும் உண்டு. வரும்போது கடையில் இப்போது கொடுக்கிற செட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம்.